கீறலோடு காய்த்த மிளகாய்

2003ஆம் வருடம் ஆடி மாதத்திலிருந்து முதலியார்பேட்டையில் மில்லுக்குப் பின்னால் இருக்கும் சந்தில், கொளஞ்சி வீட்டுக் கொல்லையில் நின்ற ஒற்றை மிளகாய்ச் செடி நாளொன்றுக்குப் பதினான்கு கிலோ காய்த்தது. செடியின் உயரம் இரண்டரை அடி. காலையில் பறித்தால் மறுநாள் காலையில் அதே அளவு இருந்தது. ஒருநாள் பறிக்காமல் விட்டால் இருபத்தெட்டு கிலோவாகி, கிளைகள் தரையில் படுத்துக்கொண்டன. அது காய்க்கத் தொடங்கிய வாரம் பெரிய மார்க்கெட்டில் பச்சை மிளகாய் கிலோ பதினாறு ரூபாய், தக்காளி எட்டு. சந்துக்காரர்கள் முதல் நாள் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். இரண்டாம் நாள் பாத்திரத்தோடு வந்தார்கள்.

அந்தச் செடிக்கு யாரும் விதை போடவில்லை. கொளஞ்சியின் அப்பா சாமிக்கண்ணு அந்த இடத்தில் கை கழுவினார், அவ்வளவுதான். அவர் மில்லில் நூற்புப் பிரிவில் முப்பத்தொரு வருடம் வேலை பார்த்தவர். வலது ஆள்காட்டி விரலில் பாதியை இயந்திரம் எடுத்துக்கொண்டதால் கத்தியை இடது கையில்தான் பிடிப்பார். அந்த வருடம் சித்திரையில் மருமகள் சுலோசனா மோர் மிளகாய் போட ஐந்து கிலோ குண்டு மிளகாய் வாங்கினாள். காம்பை விட்டுவிட்டு, மோர் உள்ளே இறங்குவதற்காக நுனியில் ஒரு கீறல் போட வேண்டும். கிழவர் இரண்டு நாள் உட்கார்ந்து அத்தனையையும் கீறினார். எல்லாக் கீறலும் இடப்பக்கமாகச் சாய்ந்திருந்தது. "என்னா மாமா, எல்லாம் கோணக் கோணலா இருக்குது" என்று சுலோசனா சிரித்தாள். "மோருக்கு நேரு கோணலு தெரியுமா? ஓட்டை இருந்தா உள்ள போவும்" என்றார் அவர். விரலெல்லாம் எரிய, கொல்லையில் துவைக்கும் கல்லுக்குப் பக்கத்தில் போய் நெடுநேரம் கையைக் கழுவினார். பிறகு எட்டு நாள் காலையில் மாடியில் பாய் விரித்துக் காயவைப்பதும், சாயங்காலம் மறுபடி மோரில் போடுவதும், காக்கை விரட்டுவதும் அவர் வேலையாக இருந்தது. காய்ந்ததும் மூன்று பிளாஸ்டிக் டப்பா நிறைந்தது. அவற்றை ஒவ்வொன்றாகப் பரண்மேல் வைக்க எடுத்துக் கொடுத்தவரும் அவர்தான்.

டப்பாக்கள் சுலோசனாவின் தம்பி முகிலனுக்காக. அவன் பிரெஞ்சு நேஷனாலிட்டி உள்ள பெண்ணைக் கட்டி, ஆனி மாதம் பாரீசுக்குக் கிளம்ப இருந்தான். வைகாசியில் ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் சாமிக்கண்ணு பழைய சோற்றுக்கு முன்னால் உட்கார்ந்து, "ஒரே ஒரு மோர் மிளகா பொரிச்சுக் குடும்மா" என்று கேட்டார். சுலோசனாவுக்கு அப்போது அவர்மேல் கோபம் எதுவும் இல்லை. அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. எண்ணெயும் இருந்தது. ஏன் அப்படிச் சொன்னாள் என்று பிறகு பல வருடம் யோசித்தும் அவளுக்குக் காரணம் கிடைக்கவில்லை.

"தீந்துபோச்சு மாமா" என்றாள்.

பரண் அவர் தலைக்கு நேர்மேலே இருந்தது. அவர் அண்ணாந்து பார்க்கவில்லை. "அப்படியாம்மா, சரி" என்றார். உப்புக்கல்லைத் தொட்டுக்கொண்டு ஒரு பருக்கை மிச்சமில்லாமல் சாப்பிட்டு எழுந்தார். வெள்ளிக்கிழமை விடிந்தபோது அவர் பாயிலேயே இறந்துபோயிருந்தார்.

கருமாதிப் படையலுக்கு, "அப்பாவுக்குப் புடிக்கும், மோர் மிளகா வெய்யி" என்று கொளஞ்சி சொன்னான். சுலோசனா பரணைத் தொடவில்லை. கடைக்குப் போய் ஒரு பாக்கெட் வாங்கி வந்து பொரித்து வைத்தாள். கல்லுக்குப் பக்கத்தில் இரண்டு இலையோடு ஒரு செடி முளைத்திருந்ததை அன்றைக்குத்தான் பார்த்தாள். ஆனியில் முகிலன் பாரீசுக்குப் போய்ச் சேர்ந்து போன் செய்தான். சென்னை ஏர்போர்ட்டில் பெட்டி எடை கூடிவிட்டதாம். "ரெண்டு ஜீன்ஸ எடுக்கறதா, மிளகாய எடுக்கறதான்னு ஆயிடுச்சுக்கா. மூணு டப்பாவையும் அங்கயே ஓரமா வெச்சுட்டு வந்துட்டேன்" என்று சிரித்தான். சுலோசனாவும் சிரித்தாள்.

ஆடியில் செடி காய்க்கத் தொடங்கியது. சுலோசனா தொக்கு போட்டாள், ஊறுகாய் போட்டாள், பஜ்ஜி சுட்டாள், வற்றல் போட்டாள். ஜாடி தீர்ந்தது, பாட்டில் தீர்ந்தது, குடத்தில் போட்டு வைத்தாள். மூன்று மாதத்தில் சந்தில் மோர் மிளகாய் காயாத மாடி இல்லை. தயிர் கிடைக்காமல் ஜனங்கள் நெல்லித்தோப்பு வரை போய் வாங்கினார்கள். மத்தியானம் பன்னிரண்டரைக்கு எல்லா வீட்டிலும் மிளகாய் பொரிக்கும்போது சந்தே ஒன்றாக இருமியது. சுலோசனா ஒரு காயைக்கூட விற்கவில்லை. உப்பும் மிளகாயும் கையிலிருந்து கைக்குக் கொடுத்தால் சண்டை வரும் என்பதால் முறத்தைத் தரையில் வைப்பாள். வந்தவர்கள் குனிந்து எடுத்துக்கொள்வார்கள். "மாமனாரக் கடைசி வரைக்கும் வெச்சுக் கஞ்சி ஊத்துன கை. அதான் கொட்டுது" என்றாள் எதிர்வீட்டு அமுதவல்லி. அதையே சந்தில் எல்லோரும் சொன்னார்கள். ஒவ்வொரு முறை காதில் விழும்போதும் சுலோசனாவின் கழுத்திலிருந்து காது நுனி வரை சிவந்தது. புகழ்ந்தால் கூச்சப்படுகிறாள் என்று அதற்கும் சேர்த்துப் புகழ்ந்தார்கள்.

அவள் செடியை ஒருமுறை வேரோடு பிடுங்கினாள். மறுநாள் அது அதே இடத்தில் நின்றது. கொதிக்கும் வெந்நீரை ஊற்றினாள். அன்றைக்குப் பதினாறு கிலோ காய்த்தது. சுனாமி வந்த வாரம், தேங்காய்த்திட்டு ஜனங்களுக்குப் பள்ளிக்கூடத்தில் சமைத்தபோது, செடி தானாகவே நாற்பது கிலோ கொடுத்துவிட்டு, அவர்கள் வீடு திரும்பியதும் பதினான்குக்கு இறங்கியது. அதன் பிறகு தெரியாத தெருக்காரர்கள்கூட சுலோசனாவைப் பார்த்தால் சைக்கிளை விட்டு இறங்கினார்கள்.

2005 பொங்கலுக்குப் பிறகு மிளகாய்கள் கீறலோடு காய்த்தன. பிஞ்சிலேயே நுனியில் ஒரு கோடு விழுந்து, காய் முற்ற முற்ற அது திறந்துகொண்டது. விவசாய அதிகாரி ஒருவர் வந்து பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்து, காய்ப்புழு என்று எழுதிக்கொண்டு, இரண்டு கிலோ வாங்கிப் போனார். "நமக்கு ஒரு வேலை மிச்சம்" என்று அமுதவல்லி சந்தோஷப்பட்டாள். எல்லாக் கீறலும் இடப்பக்கமாகச் சாய்ந்திருந்ததை சுலோசனா மட்டும் பார்த்தாள். அன்றிலிருந்து கொளஞ்சி சேதராப்பட்டுக் கம்பெனி பஸ்ஸில் ஏறிய பிறகே காய் பறித்தாள். வீட்டுக்கு எடுப்பதை அம்மியில் வைத்து உருத்தெரியாமல் அரைத்தாள். மூன்று வருடத்துக்கு மேல் அந்த வீட்டில் மிளகாய் முழுசாகத் தட்டுக்கு வரவில்லை. எப்போதும் தொக்கு, இல்லாவிட்டால் துவையல். கொளஞ்சி எதையும் கேட்கவில்லை. அவன் அதிகம் பேசுகிறவன் அல்ல.

2008இல் மகளிர் குழு ஆண்டுவிழாவை ஒரு கல்யாண மண்டபத்தில் வைத்து சுலோசனாவுக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். மாமனாருக்குச் செய்த பணிவிடையைப் பற்றி ஒரு அம்மாள் கால் மணி நேரம் பேசினாள். கைதட்டினார்கள். அது ஞாயிற்றுக்கிழமை. சுலோசனா வீட்டுக்கு வந்தபோது கொளஞ்சி ரசச் சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தான். அமுதவல்லி அவனுக்கு ஒரு கிண்ணத்தில் மோர் மிளகாய் பொரித்துக் கொடுத்துவிட்டுப் போயிருந்தாள். அவன் ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அப்பா கை இது" என்றான்.

சுலோசனா பொன்னாடையோடு அப்படியே தரையில் உட்கார்ந்தாள். "அவுரு ஒண்ணுதாங்க கேட்டாரு. பரண்மேல மூணு டப்பா இருந்துது. தீந்துபோச்சுன்னு சொல்லிட்டேன்."

கொளஞ்சி மிளகாயைத் தட்டின் ஓரத்தில் வைத்தான். "எங்கிட்ட வேற மாதிரி சொன்னாரே. செவ்வாக்கெழம வேலை முடிஞ்சு வந்ததும் கூப்ட்டு, மோர் மிளகா எனக்கு ஒத்துக்கலடா, மொத்தத்தயும் முகிலனுக்கே கட்டச் சொல்லிட்டேன், நீ இதப் பத்தி அவள எதுவும் கேக்காதன்னாரு."

சுலோசனா அழவில்லை. தான் சொன்னது பொய் என்று கிழவருக்குத் தெரிந்திருந்ததே என்றுதான் இத்தனை நாள் அவள் வெட்கப்பட்டிருந்தாள். தெரிந்த அன்றைக்கே அவர் அதை மகனிடமிருந்து மறைத்தும் கொடுத்திருக்கிறார் என்பது அவளுக்கு இப்போதுதான் தெரிந்தது. கொளஞ்சி சோற்றை முடித்துக் கை கழுவினான். அவளை மன்னித்தானா என்று அவளும் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை. சேர்ந்து வாழ்ந்தார்கள்.

மறுநாள் காலை அமுதவல்லி வந்து, "புண்ணியவதி, ஒரு கிலோ போடு" என்றாள். சுலோசனா முறத்தைத் தரையில் வைத்தாள். "அக்கா, எங்க மாமனாரு சாவறதுக்கு முன்னால ஒரு மோர் மிளகா கேட்டாரு. வெச்சிக்கினே இல்லேன்னுட்டேன். எடுத்துக்குங்க" என்றாள். அமுதவல்லி குனிந்தவள் நிமிரவில்லை. எடுக்கவும் இல்லை. காலிப் பையோடு போய்விட்டாள். அன்றைக்கு வந்த பதினொரு பேருக்கும் சுலோசனா அதையே சொன்னாள். ஏழு பேர் வெறும் கையோடு திரும்பினார்கள். மாவு மில் தனக்கொடி மட்டும், "ஒரு மிளகாய்க்கா? த்தூ, நீயெல்லாம்" என்று சொல்லிவிட்டு இரண்டு கிலோ எடுத்துக்கொண்டு போனாள். மகளிர் குழுவில் பொன்னாடையைத் திருப்பி வாங்கிக்கொள்ளலாமா என்று ஒரு கூட்டம் போட்டுப் பேசி, முடிவெடுக்காமல் கலைந்தார்கள். ஒரு மாதம் வரை அந்தப் பக்கம் அதிகம் பேர் வரவில்லை. கார்த்திகைப் புயலில் தோட்டங்கள் அழிந்து மார்க்கெட்டில் மிளகாய் நாற்பத்தைந்தைத் தொட்டதும் எல்லோரும் வந்தார்கள்.

சுலோசனா ஒருவருக்கும் அதைச் சொல்லாமல் விடவில்லை. சொல்லும்போது கழுத்து முன்போலவே சிவந்தது. பழகப் பழக அது குறையும் என்று நினைத்தவர்கள் ஏமாந்தார்கள். ஆனால் கேட்பவர்களுக்குப் பழகிவிட்டது. அவள் பேசும்வரை செடியையோ தங்கள் காலையோ பார்த்துக்கொண்டு நின்றார்கள். அவசரத்தில் இருந்தவர்கள் பையைப் பிரித்தபடியே கேட்டார்கள். சில நாள் காலையில் கொளஞ்சியும் காய் பறித்தான். அவள் அதைச் சொல்லும்போது அவன் கை நிற்கும். சொல்லி முடித்ததும் மறுபடி பறிப்பான்.

2009 தை மாதம் சந்தில் கடைசி வீட்டுக்கு கமலா என்ற பெண் புதிதாகக் குடிவந்தாள். மிளகாய் எங்கே வாங்குவது என்று அமுதவல்லியிடம் கேட்டாள்.

"எதுக்கு வாங்கற? சுலோ வீட்டுல குடுப்பாங்க" என்றாள் அமுதவல்லி. "எடுக்கறதுக்கு முன்னால அது ஒண்ணு சொல்லும். நீ பதிலு ஒண்ணும் சொல்லாத. நின்னு கேட்டுக்க."

கமலா போய் நின்றாள். கேட்டுக்கொண்டாள். பிறகு குனிந்து, குழம்புக்கு வேண்டிய அளவு எடுத்துக்கொண்டாள்.