பளபளப்பு இல்லாத திரை

படத்தில் கண்ணை மூடிக்கொண்டுவிட்ட இறந்தவர்களுக்குச் சண்முகையா தன் கண்ணையே வைத்துக் கொடுத்துவந்தார். அதனால் கோவில்பட்டியில் பல வீடுகளுக்குள் என்ன நடக்கிறது என்று அவருக்குத் தெரியும்.

போட்டோ ஸ்டூடியோத் தொழிலில் இது வழக்கம்தான். ஒருவர் இறந்துவிட்டால் வீட்டார் ஏதாவது ஒரு கல்யாணப் படத்தைக் கொண்டுவருவார்கள். கூட்டத்தில் இருந்து அவரை மட்டும் வெட்டி எடுக்க வேண்டும். கலைந்த தலையை வாரிவிட வேண்டும். பனியனோடு நின்றிருந்தால் சட்டை மாட்டிவிட வேண்டும். கண் மூடியிருந்தால் கூடப் பிறந்தவர்களின் படத்தில் இருந்து கண்ணை எடுத்து வைப்பார்கள். கூடப் பிறந்தவர்கள் இல்லாவிட்டால் சிக்கல். சண்முகையாவின் பாஸ்போர்ட் படம் லேப்டாப்பிலேயே இருந்தது. கண் பெரியது. எந்த முகத்துக்கும் பொருந்தியது. இதுவரை ஒருவரும் குறை சொன்னதில்லை.

வைத்த இடத்தில் இருந்து அந்தக் கண்கள் பார்த்தன. ஒரு வீட்டில் படத்துக்கு எதிரே டிவி இருந்தது. சண்முகையா சாயங்காலம் முழுவதும் நாடகம் பார்த்தார், சத்தம் இல்லாமல். இன்னொரு வீட்டில் பிளாஸ்டிக் மாலை இடது கண்ணை மறைத்தது. வெள்ளிக்கிழமைகளில் ஊர் முழுக்க ஊதுபத்தி கொளுத்துவார்கள். அன்று அவருக்குக் கண் எரியும். மருந்துக்கடைக்காரர் கேட்காமலே சொட்டு மருந்தை எடுத்து வைப்பார்.

முதன்முதலாகக் கண் வைத்தது அவருடைய அப்பாவுக்கு. அந்தக் கருப்பு வெள்ளைப் படம் அவர் வீட்டுக் கூடத்தில் தொங்கியது. கருப்பு வெள்ளைப் படத்தில் இருந்து பார்த்தால் எல்லாம் கருப்பு வெள்ளையாகத்தான் தெரியும். சண்முகையா ஸ்டூடியோவில் இருந்துகொண்டே தன் வீட்டுக் கூடத்தைச் சாம்பல் நிறத்தில் பார்த்துவந்தார். அவர் மனைவி ஜெயக்கொடி குறுக்கும் நெடுக்கும் நடந்துபோவாள். வெங்காயம் உரிப்பாள். சில நேரம் ஒன்றுமே செய்யாமல் உட்கார்ந்திருப்பாள். "கேட்டப் பூட்டலியே" என்று அவர் போன் செய்து சொல்வார். முதலில் அவள் சிரித்தாள். பிறகு அவர் வேலைக்குக் கிளம்பியதும் மாமனார் படத்தின் மேல் ஒரு துண்டைப் போட்டு வைக்க ஆரம்பித்தாள். சாயங்காலம் அவர் வரும் முன்பு எடுத்துவிடுவாள். படத்தைக் கழற்றச் சொன்னதில்லை. மாமனார் படம்.

ஜெயக்கொடி இறந்து வருகிற வெள்ளிக்கிழமையோடு ஒரு வருஷம். சொந்தக்காரர்கள் வருவார்கள். படம் மாட்ட வேண்டும். மாட்டுவதற்குக் கண் திறந்த படம் ஒன்றுகூட இல்லை. கல்யாணம், வளைகாப்பு, திருச்செந்தூர் கடற்கரை, எல்லாவற்றிலும் அவள் கண்ணை மூடியிருந்தாள்.

பழைய லேப்டாப்பில் அவள் படத்தைத் திறக்க அவருக்குப் பயமாக இருந்தது. அந்த லேப்டாப் வேலையில் பழகிப்போயிருந்தது. மூடிய கண்ணைப் பார்த்தால் கேட்காமலே சண்முகையாவின் கண்ணை எடுத்து வைத்துவிடும். ஒருமுறை திறந்துபார்த்தார். கண் கிளம்பி முகத்துக்குப் பாதி வழி வந்துவிட்டது. சட்டென்று மூடியைச் சாத்தினார். அதற்குப் பிறகு திறக்கவில்லை. இனி சுவரிலும் தானே இருந்து தன்னையே பார்த்துக்கொண்டு சாப்பிட வேண்டும் என்றால், ஜெயக்கொடி எங்கேதான் இருப்பாள்.

ஜெயக்கொடியின் தம்பி தவசி தீப்பெட்டி லோடு ஏற்றும் லாரி டிரைவர். சண்முகையா அவனிடம் கண் கேட்டார்.

"என் கண்ணக் குடுத்துட்டு நான் என்னத்தப் பண்ண" என்றான் தவசி. "சாத்தூர் தாண்டும்போது ஒங்க வீட்டுச் சொவரு வந்து முன்னால நின்னா, நான் எதப் பாத்து ஓட்டுவேன் அத்தான்?"

"உன் அக்காளுக்குத்தானடா."

"அக்காளுக்கு என்ன வேணும்னாலும் செய்வேன். கண்ண விடுங்க."

அன்றில் இருந்து அவன் சண்முகையாவைப் பார்க்க வரும்போதெல்லாம் கறுப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டு வந்தான். தூங்கும்போது படம் எடுத்துவிடுவார் என்று அவர் வீட்டில் தூங்குவதையும் நிறுத்தினான். ஆனால் புது லேப்டாப் வாங்கக் கூப்பிட்டதும் வந்துவிட்டான்.

கடையில் பேச்சியம்மாள் என்ற பெண் வந்து நின்றாள். நீலக் கோட்டு போட்டிருந்தாள்.

"என்ன வேலைக்கு அண்ணாச்சி லேப்டாப்?"

"போட்டோ எடிட்டிங்."

"உயிரோட இருக்கவங்களா, இல்லாதவங்களா?"

"ரெண்டும் வரும். இப்போதைக்கு இல்லாதவங்க."

"அப்ப மாடிக்கு வாங்க. கீழ இருக்கது எல்லாம் காலேஜ் பிள்ளைகளுக்கு."

மாடிப்படி ஏற ஏற நீண்டது. பேச்சியம்மாள் பழகியவள். நடுவில் ஒரு படியில் தண்ணீர்ப் பாட்டில் வைத்திருந்தாள். மூவரும் குடித்துவிட்டு ஏறினார்கள். சன்னலுக்கு வெளியே பஸ் ஸ்டாண்டு சின்னதாகிக்கொண்டே போனது. கடைசிப் படி வந்தபோது சன்னலில் பழையபடி தரைமட்டம் தெரிந்தது. ஒரு ஆடு உள்ளே எட்டிப்பார்த்தது.

மாடியில் லேப்டாப்புகள் வரிசையாகத் திறந்து கிடந்தன. பேச்சியம்மாள் அவருடைய பென் டிரைவை வாங்கி ஒன்றில் செருகினாள். ஜெயக்கொடி எல்லாத் திரைகளிலும் வந்தாள். திருச்செந்தூரில் எடுத்த படம். கண் மூடியிருந்தது.

ஒவ்வொரு திரையிலும் சேலை ஒவ்வொரு நிறமாக இருந்தது. ஒன்றில் அரக்கு. ஒன்றில் கத்தரிப்பூ. ஒன்றில் மழையில் நனைந்த செங்கல்.

"சரியான கலர் எது அண்ணாச்சி? அத வச்சுத்தான் மெஷினப் பாக்கணும்."

சண்முகையா யோசித்தார். அந்தச் சேலையில் அவளை எத்தனையோ நாள் பார்த்திருக்கிறார். பெரும்பாலும் அப்பா படத்தில் இருந்து பார்த்தது. சாம்பல் நிறம்தான் நினைவுக்கு வந்தது.

"அரக்கு" என்றான் தவசி. "தீவாளிக்கு நான் எடுத்துக் குடுத்தது."

"நீ குடுத்தத அவ கட்டினதே இல்ல."

"கட்டலியா?"

"கொடியில காயப்போடுவா. நீ வாறப்ப மட்டும்."

தவசி கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு வேறு பக்கம் பார்த்தான்.

பேச்சியம்மாள் ஒரு சின்ன லேப்டாப்பைக் காட்டினாள். அதில் ஜெயக்கொடி கீழிருந்து வந்தாள். முதலில் பாதம். பிறகு சேலைக் கரை. பிறகு கை. கழுத்து வரை வந்து நின்றுவிட்டாள்.

"ரேம் கம்மி. இதுல இவ்வளவுதான் வருவாங்க."

அடுத்தது கம்ப்யூட்டர் கேம் ஆடுகிறவர்கள் வாங்குவது. கீபோர்டில் சிவப்பும் பச்சையுமாக எழுத்துகள் எரிந்தன. உள்ளே விசிறி பேரிரைச்சலோடு சுற்றியது. திரையில் அவள் முந்தானை பறந்தது. நெற்றிமுடி கலைந்தது.

"அக்காளுக்கு இவ்வளவு காத்து ஆகாது" என்றான் தவசி. "தலை வலிக்கும்பா."

மூன்றாவது மெலிசாக, கண்ணாடிபோல் இருந்தது.

"கல்யாண ஆல்பம் போடுறவங்க எல்லாரும் இதத்தான் எடுப்பாங்க. பளபளப்புத் திரை. கலரு அள்ளும்."

சண்முகையா குனிந்து பார்த்தார். அவர் முகம் திரையில் விழுந்தது. முகத்தின் மேல் முகம் நகர்ந்து, அவர் கண்கள் ஜெயக்கொடியின் மூடிய இமைகளில் போய் உட்கார்ந்தன. கச்சிதமாக இருந்தது. அடுத்த நொடி அவர் திரைக்குள் இருந்து பார்த்தார். நரைத்த மனிதர் ஒருவர் வாயைத் திறந்தபடி குனிந்து நின்றார். காலர் அழுக்காக இருந்தது. அவருக்குப் பின்னால் கறுப்புக் கண்ணாடி போட்ட ஒருவன்.

அவர் பின்னால் விலகினார். மேஜை ஆடியது.

"எல்லாருக்கும் அப்பிடித்தான் அண்ணாச்சி. பழகிரும்."

"பளபளப்பு இல்லாதது இருக்கா?"

பேச்சியம்மாள் அவரை ஒருமுறை ஏறிட்டுப் பார்த்தாள். கடைசி வரிசைக்கு நடந்தாள். அவர்கள் நடக்க நடக்க அந்த வரிசை தள்ளிப்போனது. அவள் நின்று, கையைத் தட்டினாள். வரிசை நின்றது. அங்கே கனமான, சாம்பல் நிற லேப்டாப் ஒன்று இருந்தது.

"இதுல எதுவும் பட்டுத் தெரியாது. கலரையும் உள்ளது உள்ளபடி காட்டும். அதனால யாரும் எடுக்க மாட்டாங்க."

அதில் சேலை பாசிப்பயறு நிறமாக இருந்தது. பார்த்ததும் இருவருக்கும் தெரிந்துவிட்டது. அதுதான் நிறம்.

அவர் குனிந்து பார்த்தார். திரையில் அவர் இல்லை. ஜெயக்கொடி மட்டும் இருந்தாள். இமைகளுக்குக் கீழே ஏதோ அசைந்தது.

"இந்தப் படம் யாரு எடுத்தது?" என்று கேட்டாள் பேச்சியம்மாள்.

"நான்தான்."

"மத்தது எல்லாம்?"

"எல்லாம் நான்தான்."

"அப்ப நீங்க திரும்பி நில்லுங்க."

அவர் திரும்பி நின்றார். எதிரே மவுஸ் வைக்கும் அட்டைகள் அடுக்கியிருந்தன. எல்லாவற்றிலும் ஒரே அருவி. முதுகுக்குப் பின்னால் தவசி மூச்சு விடுவது கேட்டது.

"தொறந்துட்டா அத்தான்."

"யாரு கண்ணுடா?"

"அக்கா கண்ணுதான்." கறுப்புக் கண்ணாடியைக் கழற்றி மடக்கும் சத்தம் வந்தது. "இப்பிடித்தான் இருக்கும் என்ன. மறந்தே போச்சு."

சண்முகையா சட்டென்று திரும்பினார். கண் மூடியிருந்தது. கடற்கரையில் இருந்ததுபோலவே.

"நீங்க பாக்கதுக்குக் கேரண்டி இல்ல அண்ணாச்சி" என்றாள் பேச்சியம்மாள். "மத்தவங்க பாக்கலாம்."

"நானும் பாக்க மாதிரி இல்லியா?"

"அந்தப் பளபளப்பு இருக்கு. அதுல நீங்க பாக்கலாம். ஆனா அது ஒங்க கண்ணாத்தான் இருக்கும்."

சண்முகையா இரண்டுக்கும் நடுவில் நின்றார். மெலிசான லேப்டாப் தொலைவில் மின்னியது. அதில் இருந்து யாரோ தன்னைப் பார்ப்பது அவருக்குத் தெரிந்தது. யார் என்றும் தெரிந்தது.

"இதப் போடும்மா" என்றார்.

"பை வேணுமா?"

"வேண்டாம்."

நெஞ்சோடு அணைத்துக்கொண்டு படி இறங்கினார். இறங்கும்போது படிகள் மிகக் கொஞ்சமாக இருந்தன.

வீட்டில் வேலை நடந்தது. சண்முகையா திரைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார். மவுஸைப் பின்னால் வைத்துப் பிடித்துக்கொண்டார். தவசி திரையைப் பார்த்து வழி சொன்னான். லாரியைப் பின்னால் எடுக்கும்போது சொல்வதுபோலத்தான் அவனுக்குச் சொல்லத் தெரியும்.

"வரட்டும், வரட்டும். லெப்ட்ல ஒடிங்க. பக்கத்துல நின்ன ஆளு தோள்பட்ட இன்னும் ஒட்டிக்கிட்டு இருக்கு. வெட்டுங்க. வரட்டும். நிக்கட்டும்."

"கண்ணு?"

"அதத் தொடாதிய. அது பாட்டுக்கு இருக்கு."

வெள்ளிக்கிழமை காலையில் சட்டம் போட்ட படத்தைத் தவசியே மாட்டினான். கூடத்தில் காலியாக இருந்தது அப்பா படத்துக்கு எதிர்ச்சுவர்தான். சொந்தக்காரர்கள் வந்தார்கள். நின்று பார்த்தார்கள். "அப்பிடியே முழிச்சுக்கிட்டு நிக்கால்லா" என்றாள் ஒரு அத்தை. மாலை போட்டார்கள். சாப்பிட்டார்கள். போனார்கள். சண்முகையா பார்த்தபோதெல்லாம் படத்தில் கண் மூடியிருந்தது. சேலை பாசிப்பயறு நிறம்.

கடைசியாக அவருக்கும் தவசிக்கும் இலை போட்டிருந்தது. ஜெயக்கொடியின் படத்துக்கு முதுகைக் காட்டி அவர் உட்கார்ந்தார். தவசி எதிரே உட்கார்ந்தான். அவனுக்குப் பின்னால் சுவரில் அப்பா.

சண்முகையா தன் கண்ணை மூடிக்கொண்டார். அப்பாவின் சுவரில் இருந்து பார்த்தார்.

சாம்பல் நிறக் கூடம் தெரிந்தது. சாம்பல் நிற இலையில் சாம்பல் நிறச் சோறு. தவசியின் தலை. குனிந்திருந்த தன் தலை. அதற்கு மேலே, எதிர்ச்சுவரில், ஜெயக்கொடி கண்ணைத் திறந்திருந்தாள். அவருடைய முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தாள். காலர் மடிப்பை, கழுத்தை, பிடரியில் இருந்த நரையை. அவசரம் இல்லாமல் பார்த்தாள்.

பிறகு அவள் பார்வை மெல்ல உயர்ந்தது. தவசியின் தலையைத் தாண்டியது. மாமனார் படத்தில் வந்து நின்றது.

அது யாருடைய கண் என்று அவளுக்குத் தெரியும். சண்முகையா வேறு பக்கம் பார்க்க முயன்றார். சுவரில் இருக்கும் கண்ணுக்குத் திரும்பத் தெரியாது. இமைக்கவும் தெரியாது. அவளுடைய இமைகள் கொஞ்சம் இறங்கின. இன்னும் கொஞ்சம் இறங்கின.

அவர் எழுந்தார். சோற்றுக் கையோடு கொடிக்குப் போய்த் துண்டை எடுத்தார். பழைய துண்டு. நடுவில் மஞ்சள் கறை. அப்பாவின் படத்தின் மேல் அதைப் போட்டார். சாம்பல் நிறக் கூடம் அணைந்தது.

திரும்பி வந்து, தரையையே பார்த்தபடி உட்கார்ந்தார்.

"ரசம் ஊத்தட்டா?" என்றான் தவசி.

"தொறந்திருக்காளா?"

தவசி நிமிர்ந்து பார்த்தான்.

"தொறந்துதான் இருக்கா."

"யாரப் பாக்கா?"

"ஒங்களத்தான்."

சண்முகையா தலையை ஆட்டிவிட்டுச் சோற்றைப் பிசைந்தார். தவசி மறுபடியும் ஒருமுறை நிமிர்ந்து பார்த்தான். வெகுநேரம் பார்த்தான். அக்காளும் அவனையே பார்த்தாள். பிறகு இடது கையால் சட்டைப் பையில் இருந்து கறுப்புக் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, சாப்பிட ஆரம்பித்தான்.