அசனத்துக்குப் பூட்டிய கிணறு

என் அத்தான் ஞானசிகாமணி வருஷத்துக்கு மூன்று நாள் கிறிஸ்தவர். கிறிஸ்துமஸ், பெரிய வெள்ளி, ஈஸ்டர். மற்ற நாளெல்லாம் சிவகாசிக்கும் தாயில்பட்டிக்கும் நடுவில் பட்டாசு ஆபீஸ் முதலாளி; பட்டாசுத் தொழிற்சாலையை எங்கள் பக்கம் ஆபீஸ் என்றுதான் சொல்வோம். அந்த மூன்று நாளில் அவர் போடும் வெள்ளை ஜிப்பாவைப் பார்த்தால், பரலோகத்தில் கமிஷன் கடைக்கு இடம் பேசி முன்பணமும் கொடுத்துவிட்டு வந்தவர் மாதிரி இருக்கும். நான் விருதுநகரில் மல்லி, வத்தல் தரகு பார்க்கிறவன். எத்தனையோ முதலாளிகளோடு துண்டுக்கடியில் விரல் பிடித்து விலை பேசியிருக்கிறேன். இவரைப் போல ஆண்டவரிடமே விலை பேசுகிற ஆளைப் பார்த்ததில்லை.

ஐம்பத்தொன்பதாம் வருஷம் பங்குனியிலேயே வெயில் மண்டையைப் பிளந்தது. முந்தின ஐப்பசியிலும் மழை இல்லை. ஆபீசுக்குப் பின்னால் இருந்த காலனிக் கிணற்றில் சேறுதான் கிடந்தது. அத்தான் வீட்டுக் கிணற்றில் மட்டும் ஊற்று நிற்கவில்லை. காலனிப் பெண்கள் அங்கே வந்து காத்து நிற்பார்கள். காவலாள் சங்கிலிமுத்து இறைத்து அவர்கள் குடத்தில் ஊற்றுவான். அவர்கள் கயிற்றைத் தொடக்கூடாது. ஏன் என்று யாரும் கேட்டதுமில்லை, சொன்னதுமில்லை. வேதத்தில் எழுதாத கட்டளை அது. எழுதியிருப்பவற்றை விட ஒழுங்காகக் கைக்கொள்ளப்பட்டது.

அந்த வருஷ ஈஸ்டர் அசனத்துக்கு, அதாவது சபையார் எல்லோரும் ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிடும் விருந்துக்கு, தண்ணீர் முழுக்கத் தன் பொறுப்பு என்று அத்தான் ஏற்றுக்கொண்டார். ஆடு கொடுத்தவன் பெயரும் அரிசி கொடுத்தவன் பெயரும் எல்லா வருஷமும் ஆலயத்தில் வாசிக்கப்படும். தண்ணீருக்குப் பெயர் வாசிக்கப்போவது அதுதான் முதல் தடவை. எந்தச் சமயத்தில் எது கிராக்கி என்று அவருக்குத் தெரியாதா? ஊற்று நிறையட்டும் என்று கிணற்றுக்கு இரும்பு மூடி போட்டுப் பூட்டிவிட்டார்.

பெரிய வெள்ளி காலையில் கொல்லை வாசலில் குருவம்மாள் வந்து நின்றாள். ஆபீசில் வெடிமருந்து சலிக்கிறவள். விரல் இடுக்கெல்லாம் அலுமினியப் பொடி படிந்திருந்தது.

"அம்மா, பிள்ளைக்கு வயித்தால போய்க்கிட்டே இருக்கு. கண்மாய்க்குள்ள தோண்டிப் பாத்துட்டோம், சகதிதான் வருது. ஒரே ஒரு கொடம்..."

என் அக்கா சற்குணம் சமையலறைப் பானையைத் தூக்கிவந்து அப்படியே அவள் குடத்தில் கவிழ்த்தாள். அத்தான் ஜிப்பாவுக்குப் பித்தான் போட்டுக்கொண்டே பார்த்தார்.

"ஒருத்திக்கு ஊத்துனா ஊரே வரும்ட்டி."

"வரட்டும். சாவியக் குடுங்க."

"ஆண்டவர் காரியத்துக்கு ஒதுக்கி வச்சது. ஞாயித்துக்கெழம கழியட்டும், தெறந்து விடுதேன்."

"அதுவரைக்கும் போகாம நில்லுன்னு பிள்ள வயித்துக்கு உத்தரவு போட்டிருக்கீகளோ?"

அத்தான் என் பக்கம் திரும்பினார். "மாப்ள, ஒங்க அக்காளுக்கு வாய் கூடிப்போச்சு."

"எங்க வீட்டுல இருந்து வந்த சீர்ல அது ஒண்ணுதான் அத்தான் இன்னும் தேயாம இருக்கு" என்றேன்.

பெரிய வெள்ளியன்று உச்சி வெயிலிலிருந்து மூன்று மணிவரை ஆராதனை. சிலுவையில் ஆண்டவர் சொன்ன ஏழு வார்த்தைகளை ஏழு பேர் பிரசங்கிப்பார்கள். போதகருக்கு ஒன்று போக, மிச்சமெல்லாம் சபையில் கை கனமானவர்களுக்கு. ஐந்தாம் வார்த்தை அத்தானுக்கு விழுந்திருந்தது. ஆண்டவர் தாகம் என்று சொன்னது.

அத்தான் இடுப்பு பெல்ட்டில் எந்நேரமும் சாவிக்கொத்து தொங்கும். ஆபீஸ், மருந்துக் கிட்டங்கி, இரும்புப்பெட்டி, கிணறு எல்லாம் அதில் அடக்கம். பிரசங்க மேடையில் அது கலகலத்தால் மரியாதையாக இருக்காது என்று, ஏறுமுன் பெண்கள் பக்கம் போய் அக்காளிடம் கொடுத்தார். ஆயுசில் அவர் அந்தக் கொத்தை இன்னொரு கைக்கு மாற்றியது அன்றைக்குத்தான்.

"பிரியமானவர்களே, நம் ஆண்டவருடைய தாகம் எப்பேர்ப்பட்ட தாகம்!" என்று ஆரம்பித்தார். குரல் தழுதழுத்தது. கண்ணில் நீர் வழிந்தது. அவரிடம் இருந்த தண்ணீரில் அதற்கு மட்டும்தான் பூட்டுப் போடவில்லை.

அக்கா எழுந்தாள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, நடு வழியாக, பிரசங்க மேடைக்கு முதுகைக் காட்டி வெளியே நடந்தாள். சபை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. நானும் பின்னாலேயே போனேன்.

கிணற்றடியில் சங்கிலிமுத்து கையைப் பிசைந்தான். "அம்மா, அய்யா வந்தா என்னிய வேலைய விட்டு அனுப்பிருவாக."

"அனுப்புனா நானும் ஒங்கூட வாரேன். இப்பப் போய்க் காலனியில எல்லாரையும் வரச்சொல்லு. அவுக வாளியக் கொண்டாரச் சொல்லு."

"அவுக வாளியவா? கெணத்துக்குள்ளயா?"

"பெறகு வானத்துக்குள்ளயா விடுவாக? போலே!"

வந்தார்கள். அக்கா பூட்டைத் திறந்து மூடியைத் தள்ளியும் யாரும் கயிற்றைத் தொடவில்லை. அக்கா குருவம்மாளின் கையைப் பிடித்து இழுத்துக் கயிற்றில் வைத்தாள். "எறை" என்றாள். குருவம்மாள் தன் வாளியைக் கட்டி உள்ளே விட்டாள். வாளி தண்ணீரில் விழுந்த சத்தம் கேட்ட பிறகுதான் மற்றவர்கள் அசைந்தார்கள்.

ஆராதனை முடிந்து அத்தான் வந்தபோது கிணற்றடி முழுவதும் குடம். அவருக்குப் பின்னால் போதகரும் சபைக் கமிட்டியாரும்.

"ஏட்டி, அசனத்துக்கு வச்ச தண்ணிட்டி!"

"ஊத்து நிக்கல. ஞாயித்துக்கெழமைக்கு வேணுங்கிறது ஊறிக் கெடக்கும்."

கமிட்டித் தலைவர் தேவாசீர்வாதம் மெதுவாகத் தொண்டையைச் செருமினார். "ஊறும்மா, ஊறாம என்ன. ஆனா கண்ட வாளியும் விழுந்த தண்ணியிலயா அசனம் பொங்குறது? நாலு பேரு சாப்பிட வேண்டாமா?"

ஐந்தாம் வார்த்தைக்கு மூக்கைச் சிந்தி அழுத மனுஷர் அவர். போதகர் செருப்பில் ஒட்டிய மண்ணைப் பார்த்துக்கொண்டு நின்றார். அக்கா சாவிக்கொத்தை அத்தானிடம் கொடுத்தாள். கிணற்றுச் சாவி அதில் இல்லை.

சிவகாசியிலிருந்து லாரியில் தண்ணீர் வந்தது. ஈஸ்டர் அன்று அத்தான் பெயர் வாசிக்கப்பட்டது. லாரித் தண்ணீரும் அவர் கொடுத்ததுதானே. பொருள் கொடுத்த வீட்டார் முதல் பந்தியில் தாங்களே பரிமாற வேண்டும் என்பது சபை வழக்கம். அதன்படி அக்கா வந்தாள், வீட்டிலிருந்து இடுப்பில் சுமந்து வந்த குடத்தோடு.

"இது லாரித் தண்ணி இல்ல. எங்க கெணத்துத் தண்ணி. குருவம்மா எறைச்சது." ஒவ்வொரு இலைக்கு முன்னாலும் நின்று சொல்லிச் சொல்லி ஊற்றப் போனாள்.

தேவாசீர்வாதம் டம்ளரைக் கையால் மூடினார். அடுத்தவர் மூடினார். அதற்கடுத்தவரும். போதகர் டம்ளரைக் கவிழ்த்து வைத்துவிட்டு, கவனிக்காதவர் போலச் சோற்றைப் பிசைந்தார். நான் நீட்டினேன், வாங்கினேன், குடித்தேன். லேசாக உவர்த்தது. நான் ஒருவன் குடித்ததால் எந்த ராஜ்யமும் வந்துவிடவில்லை.

கடைசி இலை அத்தானுடையது. பந்தி முழுக்க அவரையே பார்த்தது. அவரும் கையை வைத்து மூடினார்.

"கைய எடுங்க."

"சற்குணம், நாலு பேரு பாக்காக."

"பாக்கட்டும். பிள்ள பொழச்சிருச்சு. கைய எடுங்க."

எடுக்கவில்லை. அக்கா ஊற்றினாள். தண்ணீர் புறங்கையில் விழுந்து, விரல் வழியே இறங்கி, இலையில் இருந்த கறியையும் சோற்றையும் அடித்துக்கொண்டு ஜிப்பா மடியில் ஒழுகியது. குடம் காலியாகும்வரை அவள் நிறுத்தவில்லை.