குண்டான் சாயும் பக்கம்

"இன்னும் ரெண்டு தடவ கழுவுங்க. அழுத்தாம," என்றாள் அவள், சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடி.

அவள் புருஷன் அரிசியை உள்ளங்கையால் வட்டம் வட்டமாகத் தேய்த்தான். உப்புத்தாள் போட்டுத் தகரத்தைத் தேய்க்கிற பழக்கம். குண்டானுக்குள் அரிசி நொறுங்கும் சத்தம் கேட்டது. பட்டறையில் அடிபட்ட கார் கதவுகளை நிமிர்த்துகிறவன் அவன். தெருவில் எல்லோருக்கும் அவன் டிங்கர்தான்.

அவளுடைய வலது கையில் முழங்கையிலிருந்து உள்ளங்கை வரை மாவுக்கட்டு. ஐந்து வாரமாக எதிர்வீட்டு அக்காதான் இரண்டு வேளையும் சோறு கொடுத்து வந்தாள். வியாழக்கிழமை மகள் பிரசவத்துக்கென்று அந்த அக்கா ஊருக்குப் போய்விட்டாள். இரண்டு நாள் கடைச் சாப்பாட்டில் டிங்கருக்கு வயிறு கெட்டது. சனிக்கிழமை சாயங்காலம், சோறாக்குவது என்ன பெரிய வித்தையா, நீ சொல்லு நான் பண்ணுகிறேன் என்று அவனே அடுப்பின் முன் உட்கார்ந்துவிட்டான்.

இருப்பதில் சுலபமானதை அவள் யோசித்துச் சொன்னாள். எல்லாம் ஒரே குண்டானில். ஒரு டம்ளர் அரிசி, அரை டம்ளர் பருப்பு, நாலு டம்ளர் தண்ணீர். ஒரு வெங்காயம், இரண்டு பச்சை மிளகாய், கொஞ்சம் மஞ்சள்தூள், உப்பு. கொதி வந்ததும் தீயைக் குறைத்து மூடி வைத்தால் போதும்.

"உப்பு எவ்வளவு?"

"ஒரு ஸ்பூன். தட்டி எடுங்க, குமிச்சு எடுக்காதீங்க."

வெங்காயத்தை மட்டும் அவன் அழகாக வெட்டினான். ஒவ்வொரு துண்டும் ஒரே கனம். அதை அவளிடம் தூக்கிக் காட்டிச் சிரித்தான். அவளும் சிரித்தாள். அவன் சிரிக்கும்போது கூடச் சிரித்துவிடுவது நல்லது.

திங்கட்கிழமை காலையில் ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டை வெட்டி எடுப்பார்கள். மதியமே அவள் சட்டைக் கம்பெனிக்குப் போயாக வேண்டும். லைன் சூப்பர்வைசர் ஆள் விட்டுச் சொல்லியிருந்தாள். கண்ணெதிரே உட்கார்ந்து பத்து காலர் தைத்துக் காட்டினால் பழைய இடம், இல்லையென்றால் வேறு ஆள். ஒன்பது வருஷமாக அவள் காலர்தான் தைக்கிறாள். மூன்றாவது வரிசை, ஜன்னலோரத்து ஸ்டூல். அந்த ஸ்டூலில் உட்கார்ந்திருக்கும் எட்டு மணி நேரம்தான் அவள்மேல் யாரும் கை வைக்காத நேரம்.

டிங்கர் அடுப்பைப் பற்றவைத்துக் குண்டானை ஏற்றினான். அப்போதுதான் அவள் கவனித்தாள். குண்டான் இடது பக்கம் சாய்ந்து நின்றது. தண்ணீர் முழுக்க அந்தப் பக்கம் ஒதுங்க, வலது பக்கத்தில் அரிசி மேடாகத் தெரிந்தது.

ஐந்து வாரத்துக்கு முன்னால், அன்றைக்கும் இதே குண்டான்தான். ஓவர்டைம் முடிந்து வந்து உலை வைத்துவிட்டு, தெருக்குழாயில் வரிசை நின்றுவிட்டு வருவதற்குள் சோறு அடிபிடித்திருந்தது. அவன் சோற்றைத் தரையில் கவிழ்த்துவிட்டு, காலிக் குண்டானைக் காதைப் பிடித்துத் தூக்கி அவள் தலையைப் பார்த்து இறக்கினான். அவள் கையைக் குறுக்கே கொடுத்தாள். முதல் அடியில் எலும்பு முறிந்த சத்தம் அவளுக்குக் கேட்டது. இரண்டாவது அடி குறி தவறிச் சுவரில் விழுந்தது.

பிறகு அவன் பயந்துபோனான். ஆஸ்பத்திரிக்குப் போனால் கேள்வி கேட்பார்கள். எலும்பு கொஞ்சம் விலகியிருக்கிறது, நானே நிமிர்த்திவிடுகிறேன் என்று அவள் கையைத் தொடைமேல் வைத்து, ஒரு கையால் முழங்கையை அமுக்கிப் பிடித்து, இன்னொரு கையால் இழுத்தான். சத்தம் வெளியே போகாதிருக்க அவள் வாயில் துண்டைத் திணித்திருந்தான். இரண்டு ஸ்கேலை வைத்துக் கட்டினான். நாலாம் நாள் கை கத்தரிக்காய் நிறத்துக்கு வீங்கிய பிறகுதான் ஆஸ்பத்திரி. குழாயடியில் வழுக்கி விழுந்ததாக அவள் சொன்னாள். டாக்டர் அவளையும் பார்த்தார், அவனையும் பார்த்தார், எழுதிக்கொண்டார்.

குண்டான் சாய்கிறது என்று சொன்னால், ஏன் சாய்கிறது என்று பேச்சு வரும். அவள் குண்டானிலிருந்து கண்ணை எடுத்துக்கொண்டாள். கொதி வந்தது. அவன் தீயைக் குறைத்து மூடினான். விரலில் ஒட்டிய மஞ்சளைப் பனியனில் துடைத்துக்கொண்டு, இனிமேல் பட்டறைப் பையன்களுக்கெல்லாம் தான்தான் சமையல் மாஸ்டர் என்றான்.

முதலில் லேசாகத்தான் தீய்ந்த வாடை வந்தது. மூடியைத் திறந்தான். ஒரு பக்கம் கஞ்சி. ஒரு பக்கம் கறுப்பு.

"நீ சொன்ன மாதிரிதானே செஞ்சேன்."

"ஆமாங்க."

"வேணும்னே தப்பாச் சொன்னியா?"

அவள் இல்லை என்று தலையாட்டி முடிப்பதற்குள் அவன் காலால் அடுப்பை உதைத்தான். குண்டான் உருண்டது. கொதிக்கும் கஞ்சி தரையில் பரவி அவள் பாதத்தைத் தொட்டது. எழப் பார்த்தவளின் முடியைப் பிடித்துச் சுவரில் மோதினான். ஒரு தடவை, இன்னொரு தடவை. அவள் மாவுக்கட்டை மட்டும் நெஞ்சோடு அணைத்து, உடம்பை அதன்மேல் வளைத்துக்கொண்டாள். முதுகில் விழட்டும். திங்கட்கிழமை வரை கை தப்பித்தால் போதும்.

அவன் மூச்சு வாங்க நின்றான். குண்டானை எடுக்கக் குனிந்தவன், அதைத் திருப்பிப் பார்த்தான். கட்டை விரலால் அடி விளிம்பைத் தடவினான். அவன் முகமே மாறிவிட்டது.

"இங்க பாரு, ஒடுக்கு விழுந்திருக்கு. இது எப்படி நேரா நிக்கும்? அதான் தீஞ்சிருக்கு." விரல் அங்கேயே நின்றது. "கீழ போட்டியா?"

அவள் அவனைப் பார்த்தாள். அவன் நிஜமாகத்தான் கேட்டான்.

"ஆமாங்க. கைதவறிடுச்சு."

"சொல்றதுக்கு என்ன," என்றான் அவன், கிட்டத்தட்ட அன்பாக.

ஞாயிற்றுக்கிழமை காலையில் வாசலில் சாக்கு விரித்து உட்கார்ந்து அந்த ஒடுக்கை எடுத்தான். உள்ளே பழந்துணி சுற்றிய இரும்புக்கட்டை, வெளியே மரச்சுத்தியல். ஒவ்வொரு தட்டுக்கும் நிறுத்தி, விரலால் தடவி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, மறுபடி ஒரு தட்டு. பலமாக அடித்தால் அலுமினியம் கிழிந்துவிடும், ஒரே இடத்தில் அடித்தால் வேறு பக்கம் பிதுங்கும், அது எந்தப் பக்கம் போக நினைக்கிறது என்று தெரிந்துகொண்டு தட்ட வேண்டும் என்று வேடிக்கை பார்க்க வந்தவர்களுக்கு விளக்கினான். கீழ்வீட்டு வேன் டிரைவர், குண்டான் டாக்டர் என்று போர்டு மாட்டிவிடு என்று கேலி செய்தார். பக்கத்துவீட்டுப் பெண் அவளிடம் குனிந்து, உனக்குச் சமைத்துப் போடுகிறாராமே, யாருக்குக் கிடைக்கும் இப்படி என்றாள். நெற்றி வீக்கத்தைப் பற்றி யாரும் கேட்கவில்லை.

திங்கட்கிழமை மாவுக்கட்டை வெட்டி எடுத்தார்கள். உள்ளே இருந்த கை யாருடையதோ போல மெலிந்து வெளுத்திருந்தது. மணிக்கட்டில் ஒரு முண்டு. உள்ளங்கையை மேலே திருப்பச் சொன்னார் டாக்டர். பாதிவரைதான் திரும்பியது. அன்றைக்கே வந்திருக்க வேண்டும், இனி இப்படித்தான் என்று சொல்லிவிட்டு அடுத்த சீட்டைக் கூப்பிட்டார்.

ஜன்னலோரத்து ஸ்டூலில் ஒரு புதுப்பெண் உட்கார்ந்திருந்தாள். அவளை எழுப்பிவிட்டு இவளை உட்காரச் சொன்னாள் சூப்பர்வைசர். முதல் காலரின் நேர்த்தையல் சரியாக வந்தது. முனையில் துணியைத் திருப்ப வேண்டும். மணிக்கட்டு திரும்பவில்லை. தோளோடு சேர்த்துத் திருப்பினாள். தையல் கோணியது. இரண்டாவதும் கோணியது. மூன்றாவதில் பல்லைக் கடித்துக்கொண்டு மணிக்கட்டை வலிந்து திருப்பியபோது வலி தோள்வரை ஏறியது, கால் பெடலை அமுக்கிவிட்டது. ஊசி ஆள்காட்டி விரலின் நகத்தில் இறங்கி ஒடிந்தது.

"எந்திரி, எந்திரி. துணியில ரத்தம் படப் போகுது," என்றாள் சூப்பர்வைசர்.

அவள் எழுந்தாள். புதுப்பெண் ஸ்டூலைத் துடைத்துவிட்டு உட்கார்ந்தாள்.

வீட்டுக்கு வந்தபோது டிங்கர் சீக்கிரமே வந்திருந்தான். தரையைக்கூடக் கழுவியிருந்தான். ஸ்டூல் போய்விட்டது என்று அவள் சொன்னாள். போனால் போகட்டும், இனி வீட்டிலேயே இரு, அதுதான் நல்லது என்றான். விரலில் சுற்றியிருந்த துணி நனைந்திருந்ததை அவன் பார்க்கவில்லை. குண்டானைத் தூக்கி அவள் முகத்துக்கு நேரே திருப்பித் திருப்பிக் காட்டினான்.

"எங்க ஒடுக்கு விழுந்துதுன்னு கண்டுபிடி பாக்கலாம்."

அவளால் கண்டுபிடிக்க முடியவில்லை. அவன் அதைத் தரையில் வைத்து, விளிம்புவரை தண்ணீர் ஊற்றினான். சுற்றிலும் ஒரே மட்டமாக, அசையாமல் நின்றது தண்ணீர்.

"ம், தூக்கி அடுப்புல வை. எனக்குப் பசிக்குது."

அவள் குனிந்து இரண்டு காதையும் பிடித்துத் தூக்கினாள். இடது கை உயர்ந்தது. வலது மணிக்கட்டு பாதியில் நின்றது. குண்டான் வலது பக்கம் சாய்ந்து, தண்ணீர் கட்டுப்போட்ட விரலை நனைத்துச் சிவந்து, கழுவிய தரையில் கொட்டியது.

"நேராப் புடிடி," என்றான் டிங்கர்.