டிக் போட்ட பெயர்

“அப்பாவுக்கு உடம்பு சரியில்லன்னு சொல்லலீங்க. அப்பா தவறிட்டாரு. காலையில அஞ்சு மணிக்கு” என்று மூன்றாவது ஆளிடம் சொன்னாள் அவள். சொல்லிக்கொண்டே போனைத் தோளில் இடுக்கி, நோட்டில் ‘டயர் கடைக்காரர்’ என்று எழுதி டிக் போட்டாள்.

டயர் கடைக்காரர் சித்தியின் அண்ணன். சித்தி சித்தப்பாவை விட்டுப் போய்ப் பத்து வருஷமாகிறது என்று கேள்வி. அந்த வழியில் சித்தப்பாவின் நம்பர் கிடைக்கும் என்று யாராவது நம்பினால் அவர்களைப் பைத்தியம் என்றுதான் சொல்ல வேண்டும். ஆனால் வேறு வழியில்லை.

“அந்தாளு நம்பர் எங்கிட்ட ஏதும்மா? அண்ணன் தம்பி சமாச்சாரம், உங்க அப்பாவுக்குத்தான் தெரியும்” என்றார் அவர். பிறகு தான் சொன்னது தனக்கே உறைத்ததோ என்னவோ, “லாரி ஆபீஸ்ல கொஞ்ச நாள் வேலை பார்த்தான். அங்க கேளு” என்று ஒரு நம்பரைக் கொடுத்துவிட்டு வைத்துவிட்டார்.

காலை எட்டு மணிக்கு ஆஸ்பத்திரியிலிருந்து கொண்டுவந்து, அப்பாவை அவருடைய அறைக் கட்டிலிலேயே கிடத்தியிருந்தார்கள். மின் தகன மையத்தில் மாலை நாலு மணிக்கு நேரம் கொடுத்திருந்தார்கள். அதை விட்டால் நாளை மறுநாள்தான் என்று அங்கிருந்தவர் கறாராகச் சொல்லிவிட்டார். அதுவரை வைத்திருக்க வீட்டில் வசதியில்லை. அம்மா அழவில்லை. கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

“சித்தப்பாவுக்குச் சொல்லு. அவன் வந்து முகத்தைப் பார்க்காம எடுக்கக் கூடாது.”

சொல்வது சுலபம். பதினாலு வருஷத்துக்கு முன்னால், ஒரு கல்யாண மண்டபத்தில் குடித்துவிட்டு வந்து ரகளை செய்த தம்பியை, நூறு பேர் பார்க்க, “இனி என் வாசப்படி மிதிக்காதே” என்று விரட்டியவர் அப்பா. சொன்ன சொல்லில் நிற்கும் பிடிவாதக்காரர். அன்றிலிருந்து வீட்டில் அந்தப் பெயரையே யாரும் எடுத்ததில்லை. எந்த ஊரில் இருக்கிறார், இருக்கிறாரா என்பதுகூடத் தெரியாது.

ஆளைத் தேட அவளுக்குத் தெரிந்தது ஒரே ஒரு வழிமுறைதான். ஆபீஸில் மூன்று வாரமாக அதையேதான் புரோகிராமாக எழுதிக்கொண்டிருந்தாள். டேட்டாபேஸில் ஒரு ஆளின் பதிவை எடுத்தால், அதோடு நேராகத் தொட்டுக்கொண்டிருக்கும் பதிவுகளை மட்டும்தான் அவர்கள் வைத்திருக்கும் லைப்ரரி என்ற ரெடிமேட் புரோகிராம் கொண்டுவந்து கொடுக்கும். அதற்கு அடுத்தது, அடுத்ததற்கு அடுத்தது வேண்டுமென்றால், ஒவ்வொன்றாக உள்ளே போய்க் கேட்டுக்கொண்டே போக வேண்டும். அதில் ஒரு ஆபத்து உண்டு. சுற்றிச் சுற்றிப் புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர்ந்துவிடும். போன வாரம் அப்படித்தான் ஆகி, அரை நாள் ஆபீஸே ஸ்தம்பித்து, மேனேஜர் எல்லார் முன்னாலும் அவளை ஒரு பிடி பிடித்தார். ‘பார்த்ததைக் குறித்து வை, குறித்ததற்குள் மறுபடி போகாதே’ என்பது அவர் சொன்ன பாடம். அன்றிலிருந்து தூக்கத்தில்கூட அவள் டிக் போட்டுக்கொண்டிருந்தாள்.

நோட்டில் முதல் பெயர் ‘அப்பா’. அவரிடமிருந்துதானே தொடங்க வேண்டும்? எழுதியவுடனே டிக் போட்டிருந்தாள். அடுத்தது அப்பாவின் பழைய சினேகிதர். “அப்பாகிட்டயே கேளேன்மா” என்றார், விஷயத்தைக் கேட்டபிறகும். வயசானவர், குழம்பிவிட்டார் என்று நினைத்தாள். சித்தப்பா குடியிருந்த வீட்டின் சொந்தக்காரரும் அதையேதான் சொன்னார். ஒவ்வொரு தடவையும் அவள் ஒரு அம்புக்குறியை மேலே ‘அப்பா’ வரை இழுத்தாள். டிக் இருந்தது. அடுத்த பெயருக்குப் போனாள்.

லாரி ஆபீஸில் ஒருவர் மாற்றி ஒருவராக நாலு பேர் பேசினார்கள். ஒவ்வொருவரிடமும் முதலிலிருந்து சொன்னாள். தவறிட்டாரு, காலையில, ஆமாங்க, ஹார்ட்டு. சொல்லிச் சொல்லி அந்த வார்த்தைகள் வேறு யாருடைய அப்பாவைப் பற்றியோபோல ஆகிவிட்டன. கடைசி ஆள், “அவரு வேலையை விட்டு நாளாச்சுங்க” என்றார்.

மணி இரண்டே முக்கால். நோட்டை மூடிவிட்டு அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“கிடைக்கலம்மா.”

“யாரும் ஒண்ணும் சொல்லலியா?”

“எல்லாரும் ஒண்ணேதான் சொல்றாங்க. அப்பாவைக் கேளுன்னு.”

அம்மா அவளை ஏறிட்டுப் பார்த்தாள். “கேட்டியா?”

“அம்மா…”

“அவரு போனைப் பாத்தியாடீ?”

ஆஸ்பத்திரியில் கொடுத்த பிளாஸ்டிக் பையில் மூக்குக் கண்ணாடி, சட்டை, போன். போனை எடுத்துப் பார்த்தாள். நாலு நம்பரில் பூட்டு; அவளுடைய பிறந்த தேதியைப் போட்டதும் திறந்துகொண்டது. பேசியவர்களின் பட்டியலில், ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும், ‘தம்பி’. மறைத்துக்கூட வைக்கவில்லை. நேற்று ஞாயிற்றுக்கிழமை, அப்பாவை ஆஸ்பத்திரியில் சேர்த்த நாள். அதிலிருந்து எடுக்காத அழைப்புகள் ஒன்பது. ஒன்பதும் தம்பி.

“ஞாயித்துக்கிழமை ஆனா செடிக்குத் தண்ணி ஊத்தப் போறேன்னு மாடிக்குப் போவாரு” என்றாள் அம்மா. “நம்ம மாடியில ஏது செடி? நானும் கேட்டுக்கல.”

அவள் ‘தம்பி’யை அழுத்தினாள். ஒரே மணியில் சித்தப்பா எடுத்துவிட்டார். “ஏண்ணே, ஒரு போன் எடுக்க உனக்கு இவ்வளவு நேரமா? மனுஷன் என்னன்னு நினைக்கிறது?”

“சித்தப்பா, நான்தான்.”

அதற்குமேல் அவள் சொல்லத் தேவையிருக்கவில்லை. “எத்தனை மணிக்கும்மா?” என்றார்.

“நாலு மணிக்கு.”

“இங்கேர்ந்து ஆறு மணி நேரமாகுமே.”

ஒன்பது மணிக்கே அவள் இந்தப் போனை எடுத்துப் பார்த்திருந்தால் மூன்றுக்கெல்லாம் வாசலில் வந்து இறங்கியிருப்பார். படித்த படிப்பும் பார்த்த வேலையும் கடைசியில் இதற்குத்தான் உதவின. அவளுக்குத் தன்மீதே வெறுப்பாக இருந்தது. “மன்னிச்சிருங்க சித்தப்பா. என் தப்புதான்” என்றாள்.

“அழாதே. நீ ஒண்ணு பண்ணு. ஸ்பீக்கரைப் போட்டு அண்ணன் பக்கத்துல வெச்சிட்டு, ரெண்டு பேரும் கொஞ்சம் வெளிய இருங்க.”

அப்பாவின் தலையணை ஓரத்தில் போனை வைத்தாள். அம்மாவைக் கைத்தாங்கலாக அழைத்துக்கொண்டு வெளியே வந்து கதவைச் சாத்தினாள். சுவரில் சாய்ந்து நின்றார்கள். உள்ளே சித்தப்பாவின் குரல் மெதுவாகப் பேசத் தொடங்கியது. வார்த்தை புரியவில்லை. கொஞ்சம் பேசும், நிற்கும். எதிராளி பதில் சொல்லி முடிக்க ஆகும் நேரம் வரை நின்றுவிட்டு, மறுபடி பேசும்.