பேர் ஒட்டிய பக்கம்

நான்தான் நெட்டை. வயது இருபத்தாறு. வேலை பார்க்கும் ஆஸ்பத்திரி லேபின் பின்பக்கப் படிக்கட்டில் உட்கார்ந்து இதைப் பேசுகிறேன். ஃபோன் எழுதிக்கொள்கிறது.

நேற்று அக்கா ஒரு படம் அனுப்பிவிட்டு ஃபோனில் கூப்பிட்டாள். அப்பாவின் சிறுநீரகத்தைக் கட்டியோடு எடுத்தார்கள் அல்லவா, அதிலிருந்து மெல்லியதாகச் சீவி ஒட்டிச் சாயம் போட்ட கண்ணாடி ஸ்லைடு. வேறொரு டாக்டரிடம் காட்டுவதற்காக வாங்கி வந்ததை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து எடுத்திருந்தாள். கட்டி தனக்கென்று ரத்தக்குழாய்களை இழுத்துக்கொள்ள ஒரு புரதத்தைச் சுரக்குமாம். குரோத் ஃபேக்டர் என்று டாக்டர் சொன்னது அதைத்தான். அது நிறைய இருக்கும் இடம் பழுப்பாகும்; பழுப்பு கூடினால் கட்டி திரும்ப வரும் பயமும் கூடும்.

"டேய், ரெண்டு துண்டு இருக்குடா. பேர் ஒட்டின பக்கம் இருக்கிறது காபிக் கறை மாதிரி இருக்கு. இன்னொண்ணு வெறும் நீலம். எதுடா நம்மது?"

எனக்கு யோசிக்கவே தோன்றவில்லை. தினமும் நான் செய்கிற வேலை. சாயம் சரியாகப் பிடித்ததா என்று பார்க்க, கட்டாயம் பழுப்பாகக்கூடிய வேறு யாருடைய துண்டையோ பேர் ஒட்டிய பக்கத்தில் வைப்போம், நோயாளியுடையது மறு ஓரத்தில்.

"பழுப்பு நம்மது இல்லக்கா. நம்மது நீலம்."

பின்னால் அம்மா சிரித்தது கேட்டது. ஆபரேஷனுக்குப் பிறகு அந்தச் சிரிப்பை நான் கேட்டதே இல்லை. அப்பா ஃபோனைப் பிடுங்கிக்கொண்டார். "பாத்தியா, எல்லாரும் சேர்ந்து என்னைப் பாதி கொன்னுட்டீங்க. என் புள்ள சொல்லிட்டான். இனிமே எந்த டாக்டரும் வேணாம், ஸ்கேனும் வேணாம்."

இன்று காலை புதிதாகச் சேர்ந்த அம்மாள் என் பக்கத்து மேசையில் கண்ணாடிகளை அடுக்கினார். பேர் ஒட்டிய பக்கத்தில் நோயாளியின் துண்டு. மறு ஓரத்தில் வேறொன்று.

"மேடம், மாத்தி வச்சிட்டீங்க."

"முன்னாடி இருந்த லேப்ல இப்படித்தாம்ப்பா. ஓரத்துல இருக்கிறது பழுப்பாகவே கூடாத துண்டு. அது நீலமா இருந்தாத்தான் சாயம் கண்ட இடத்துல ஒட்டலன்னு அர்த்தம்." என்னைப் பார்த்துச் சிரித்தார். "உங்க வீட்ல செருப்ப இடப்பக்கம் விடுவீங்க, எங்க வீட்ல வலப்பக்கம். அதுக்கு ஏம்ப்பா உன் மூஞ்சி வெளுக்குது?"

அப்பாவின் கண்ணாடியும் இப்படி வைத்ததென்றால் பழுப்புதான் அப்பாவுடையது. அப்பாவின் கண்ணாடியைச் செய்த லேபில் செருப்பை எந்தப் பக்கம் விடுவார்கள்? அங்கே யாரையும் எனக்குத் தெரியாது. இந்தச் சாயத்தை மட்டும் வைத்து எதுவும் முடிவில்லை என்று டாக்டர் அன்றே சொல்லியிருந்தார். அந்த ஒரு வார்த்தையை நேற்று நான் சொல்லாமல் விட்டேன்.

வீட்டுக்குக் கூப்பிட்டேன். அப்பாதான் எடுத்தார். வண்டியைத் துடைத்துக்கொண்டிருக்கிறாராம், திங்கட்கிழமை முதல் சவாரிக்குப் போகிறாராம்.

"சொல்லுங்க டாக்டர்!" என்றார். அப்படி ஒரு உற்சாகம். வாளியில் துணியைப் பிழிகிற சத்தம் கேட்டது.

"சாப்பிட்டீங்களாப்பா?" என்று மட்டும் கேட்டுவிட்டு ஃபோனை வைத்துவிட்டேன்.

அதனால்தான் இப்படிப் பேசி எழுதி அனுப்புகிறேன். படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்க்கிறேன். கண்ணாடிக்குப் பின்னால் எங்கள் ஜன்னல் கம்பி தெரிகிறது, அக்காவின் கட்டைவிரல் தெரிகிறது, நடுவில் பழுப்பாக ஒன்று, நீலமாக ஒன்று. எத்தனை பெரிதாக்கினாலும் எது அப்பா என்று தெரியவில்லை.

இதைப் படிப்பது அக்காவோ அத்தானோ, யாராக இருந்தாலும் அப்பா காதில் விழும்படி படிக்க வேண்டாம். வியாழக்கிழமை ஸ்கேனுக்கு அவரை எப்படியாவது டாக்டரிடம் கூட்டிப் போங்கள். வர மாட்டேன் என்றால் நெட்டைதான் போகச் சொன்னான் என்று சொல்லுங்கள். கண்ணாடியைத் துணியில் சுற்றி எடுத்துப் போய், எது எங்களுடையது என்று அதைச் செய்த லேபிலேயே கேளுங்கள்.