ரிமினி கடல்ல சியாமளா குளிச்ச அன்னிக்கு

இது 1974 ஆகஸ்ட்ல நடந்தது. அப்ப நான் கிழக்கு ஜெர்மனில டிரெஸ்டன் யுனிவர்சிட்டில கெமிஸ்ட்ரி ரிசர்ச் பண்ணிட்டிருந்தேன். எங்க லேப்ல கண்ணாடி ஊதி ட்யூப், பிளாஸ்க் எல்லாம் செஞ்சு குடுக்கறவர் லிண்ட்னர். அம்பத்தஞ்சு வயசு இருக்கும், அதிகம் பேச மாட்டார். நாங்க லீவுக்கு இத்தாலி போறோம்னு தெரிஞ்சதும் என் டேபிள்கிட்ட வந்து நின்னார்.

"ரிமினிக்கா?"

"ஆமா. கடல் பாக்கலாம்னு."

அவரோட தம்பி வெர்னர், பெர்லின் சுவர் வர்றதுக்கு முன்னாடியே மேற்குப் பக்கம் போனவராம். ரிமினில ஒரு ஹோட்டல்ல சமையல்காரர். போன வருஷம் செத்துப்போயிட்டார். லிண்ட்னர் அடக்கத்துக்குப் போக பர்மிஷன் கேட்டார், அரசாங்கம் குடுக்கல. கிழக்கு ஜெர்மனிக்காரங்களுக்கு அந்தக் கடல் மேப்ல மட்டும்தான். எங்ககிட்ட இந்திய பாஸ்போர்ட் இருந்ததால போக முடிஞ்சுது.

"அவனுக்கு ஒழுங்கா ஒரு இடம் குடுத்திருக்காங்களான்னு பாத்துட்டு வாங்க. வேற ஒண்ணும் வேண்டாம்"னார்.

சரின்னுட்டேன். என் மனைவி சியாமளாவுக்குப் பிடிக்கல. "லீவுக்குப் போற எடத்துல சுடுகாடா?"

மேற்கு ஜெர்மனில ஹம்ங்கற ஊர்ல வேலை பாத்த அவ தம்பி கோபாலன்தான் எங்களைக் கார்ல கூட்டிட்டுப் போனான். ரிமினி கடற்கரை முழுக்க வரிசை வரிசையா குடை, சுத்தி எண்ணெய் தடவிட்டு வெயில்ல படுத்திருக்கற ஜெர்மன்காரங்க. கோபாலனும் டவல விரிச்சுப் படுத்தான்.

"ஏண்டா, உனக்கு இன்னும் என்ன கறுக்கணும்?"னா சியாமளா.

"நீ முதல்ல தண்ணில கால வை, அக்கா. மூணு நாளா குடைக்குள்ள உக்காந்து முறுக்கு தின்னுட்டிருக்க."

அவ வைக்கல. அத்தனை பேர் அரைகுறையா நிக்கற எடத்துல புடவையோட எப்படி எறங்கறதுன்னு கூச்சம்.

கடைசி நாள் காலைல நான் கல்லறைத் தோட்டத்துக்குக் கிளம்பினேன். "தனியா போகாதீங்க"ன்னு அவளும் வந்தா. ரெண்டு மணி நேரம் ஒவ்வொரு கல்லா படிச்சோம். வெர்னர் பேர் இல்ல. லிண்ட்னர்கிட்ட என்னன்னு சொல்றது? அவருக்கு வேற யாரையும் அனுப்ப வழியில்ல.

அங்க பெருக்கிட்டிருந்த ஒருத்தர்கிட்ட பேரை எழுதிக் காட்டினேன். அவர் ஒரு சுவரைக் காட்டினார். அந்த ஊர்ல சுவர்லயே மாடம் மாடமா கட்டி, சவப்பெட்டிய உள்ள வச்சு பளிங்கால மூடிடறாங்க. நாங்க தரையையே பாத்துட்டிருந்திருக்கோம். நாலாவது வரிசைல வெர்னர் இருந்தார். சின்ன போட்டோ, சமையல் தொப்பி, சிரிப்பு. யாரோ புதுசா பூ வச்சிருந்தாங்க.

வெளிய வந்ததும் சியாமளா சொன்னா, "குளிக்காம ரூமுக்குள்ள போகக் கூடாதுங்க."

பாத்ரூம் ரூமுக்குள்ளதான் இருக்கு. வேற எங்க குளிக்கறது? நேரா கடலுக்கு நடந்தா. சுங்குடிப் புடவையோட, யாரையும் பாக்காம எறங்கி மூணு முழுக்கு போட்டா. நானும் பேன்ட் சட்டையோட முழுகினேன். படுத்திருந்தவங்க எழுந்து உக்காந்து பாத்தாங்க. கோபாலன் முகத்தை டவலால மூடிக்கிட்டான்.

டிரெஸ்டன் திரும்பினதும் லேப்ல லிண்ட்னர்கிட்ட சுவரு, போட்டோ, பூ எல்லாத்தையும் சொன்னேன். நல்லா கேட்டுக்கிட்டார்.

"கடல்ல குளிச்சீங்களா?"

உண்மையச் சொல்லலாமான்னு யோசிச்சேன். தம்பியப் பாத்துட்டு வந்து கழுவிக்கிட்டாங்கன்னு வருத்தப்படுவாரோ? இருந்தாலும் சொல்லிட்டேன். சாவுக்குப் போனா, கல்லறைக்குப் போனா, எங்க பக்கம் தலைக்குக் குளிப்போம்னு.

"சாவுக்குப் போக முடியாத சொந்தக்காரங்க?"

"அவங்களும்தான். சேதி எங்க கேக்கறாங்களோ அங்கயே குளிப்பாங்க."

லிண்ட்னர் கண்ணாடி ஊதற பர்னரை அணைச்சார். மூக்குக்கண்ணாடியக் கழட்டி மேஜைல வச்சுட்டு, மூலைல இருந்த குழாயத் தொறந்து அதுக்கடியில தலையக் குனிஞ்சார். நான் கதவைச் சாத்திட்டு வெளிய நின்னுக்கிட்டேன்.