குணபூசணி போன கடற்கரை

நோட்டன் பிரிட்ஜுக்கு மேலே உள்ள அந்தத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்த பிள்ளைகளில் பாதிப்பேர் குணபூசணியின் கையில் விழுந்தவர்கள். யாழ்ப்பாணத்துக்குக் கிழக்கே, கடலுக்கும் உப்புநீர் நிற்கும் நீரேரிக்கும் நடுவில் கிடக்கும் ஒரு மணல் கிராமத்திலிருந்து மருத்துவச்சி வேலைக்கு வந்தவள். வந்த புதிதில் தொழிலாளர் குடியிருக்கும் லயத்து வீடுகளில் எதுவும் குடிக்க மாட்டாள். சொந்தமாக ஃபிளாஸ்க் கொண்டுபோவாள். அந்தப் பழக்கத்தை எப்போது விட்டாள் என்று அவளுக்கே ஞாபகம் இல்லை. இப்போது எந்த வீட்டுக்குப் போனாலும் பாய் விரிப்பார்கள், பால் விடாத சாயத் தண்ணி கொடுப்பார்கள், பிள்ளையை மடியில் வைப்பார்கள். எல்லாம் முடிந்து ஆஸ்பத்திரிக்குப் பின்னால் இருக்கும் குவார்ட்டர்ஸுக்கு வந்து கதவைச் சாத்தினால், விடியும்வரை பேச ஆள் கிடையாது. நாற்பதைத் தாண்டியும் கல்யாணம் ஆகவில்லை. அதைப் பற்றி யாரும் கேட்பதும் நின்றுபோயிருந்தது.

ஆனி மாதத்து மழையில் மேல் கணக்கு என்னும் தோட்டப் பிரிவுக்குப் போகும் ரோட்டில் மண் சரிந்தது. அங்கே அழகம்மா என்ற பெண்ணுக்கு வலி எடுத்துவிட்டதாகச் செய்தி வந்தபோது லொறி போக வழியில்லை. லொறி டிரைவர் சிவசாமி தன்னுடைய ஜீப்பைக் கொண்டுவந்து நிறுத்தினார். உலக யுத்தம் முடிந்தபின் ஏலத்தில் விட்ட பட்டாளத்து ஜீப் அது. சீமைக்குக் கப்பலேறிய வெள்ளைக்காரச் சின்னத்துரை ஒருவர், துருப்பிடித்துக் கிடந்ததை 'நீயே வைத்துக்கொள்' என்று விட்டுப்போயிருந்தார். மனைவி இறந்து, ஒரே மகளையும் தலவாக்கலைப் பக்கம் கட்டிக்கொடுத்த பிறகு, சாயங்காலங்களில் செய்வதற்கு வேறொன்றும் இல்லாமல் சிவசாமி அதை ஒவ்வொரு துண்டாகக் கழற்றிப் பூட்டி ஓட வைத்திருந்தார்.

கொழுந்துக்காரிகள் நடக்கும் ஒற்றையடிப் பாதையில் ஜீப் சேற்றைக் கிழித்துக்கொண்டு ஏறியது.

"பயப்படாதீங்க நர்சம்மா. இது பட்டாளத்து வண்டி. செவுத்துல ஏறச் சொன்னாலும் ஏறும்."

"எனக்குப் பயமில்லை டிரைவர். எங்கட ஊர் மணலுக்குள்ள இது போகுமோ எண்டு யோசிச்சன்."

அழகம்மாவுக்கு ஆண் பிள்ளை பிறந்தது. குணபூசணி தான் சொன்னதை மறந்துவிட்டாள். சில நாள் கழித்து சிவசாமி ஆஸ்பத்திரி வாசலில் வந்து, தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு நின்றார்.

"நர்சம்மா, அந்த மணலு எப்படிங்க? ஆத்து மணலு மாதிரி கெட்டியா இருக்குமா, கால் புதையுமா?"

தன் ஊர் மணலைப் பற்றி இந்த மலையில் ஒருவர் கேட்டது அவளுக்கு நம்ப முடியாமல் இருந்தது. அவள் சொல்லத் தொடங்கினாள். தண்ணீர் ஓரத்தில் கெட்டி, மேட்டில் முழங்கால்வரை புதையும் என்றாள். ஊருக்கு ரோட்டே இல்லை. பரந்தன் சந்தியிலிருந்து கிழக்கே போய், காட்டுக்குள் வண்டில் தடத்தைப் பிடித்து, நீரேரியின் வெளியைக் குறுக்கே கடந்து, பிறகு கரை நெடுக மணலில்தான் போகவேண்டும் என்றாள். மார்கழி, தைக் காற்றுக்குக் கடல் என்னென்னவோ கொண்டுவந்து போடும் என்றாள். சோழி, சங்கு, வெள்ளை வெளேரென்று கணவாய் மீனின் ஓடு, எங்கோ உடைந்த கப்பலின் பலகை. ஒருமுறை பர்மாவிலிருந்து மூங்கில் தெப்பம் ஒன்று முழுசாக வந்து ஒதுங்கியதாம். அதில் அடுப்பு மூட்டிய சாம்பல்கூட இருந்ததாம். ஆள் மட்டும் இல்லை.

"ஆளு என்னாச்சுங்க?"

"ஆருக்குத் தெரியும்."

சிவசாமி கடலைப் பார்த்ததே இல்லை என்று சொல்ல முடியாது. தேயிலைப் பெட்டி ஏற்றிக்கொண்டு கொழும்புத் துறைமுகத்துக்குப் போயிருக்கிறார். அங்கே கப்பல்களின் இடுக்கில் எண்ணெய் படிந்த தண்ணீர் கொஞ்சம் தெரிந்தது. அதைக் கடல் என்று அவர் கணக்கில் சேர்க்கவில்லை.

"ஒருதரம் போய்ப் பாத்துரலாம்ங்க" என்றார்.

அதற்குப் பிறகு, மழை பெய்த அந்த மாதங்களில், ஆஸ்பத்திரி விறாந்தையில் உட்கார்ந்து இருவரும் அந்தப் பயணத்தைப் பேசினார்கள். ஆஸ்பத்திரியில் கூட்டித் துடைக்கும் மீனம்மா வாசற்படியில் உட்கார்ந்து கேட்பாள். எப்போது போவது என்பதே பெரிய வழக்காக இருந்தது. தையில் போனால் கரை நிறையப் பொருள் கிடக்கும். ஆனால் நீரேரி நிரம்பி வழி சேறாகிவிடும். ஆவணியில் போனால் வெளி காய்ந்து கல்லாகக் கிடக்கும். கரை வெறுமையாக இருக்கும். மாசிக் கடைசியில் போவதென்று முடிவாயிற்று. அப்போது தோட்டத்திலும் கொழுந்து குறைவு, லீவு கேட்கலாம். மணலில் டயரின் காற்றைப் பாதி இறக்கிவிட வேண்டும், திரும்ப அடிக்கக் கைப்பம்பு வேண்டும் என்றார் சிவசாமி. சில்லு புதைந்தால் அடியில் கொடுக்கச் சாக்கும் பலகையும் சேர்த்தார். குணபூசணி குடிதண்ணீரை நினைவுபடுத்தினாள். நீரேரிப் பக்கத்துக் கிணறெல்லாம் உப்பு.

"நானும் வருவேன்" என்றாள் மீனம்மா ஒருநாள். "நீங்க ரெண்டு பேரும் தனியாப் போனா, வண்டி வட்டவளையைத் தாண்டுறதுக்குள்ள இங்க கதை கட்டிப்புடுவாங்க."

சிவசாமி தலையைக் குனிந்து சிரித்தார். குணபூசணிக்கு முகம் சூடாயிற்று. ஆனாலும் மீனம்மா சொன்னது சரிதான்.

அந்த நாட்களில் அவள் நிறையப் பேசினாள். தன் குரலைத் தானே கேட்டுச் சில சமயம் திகைத்து நின்றாள். அப்பு, அதாவது அவளுடைய தகப்பன், கரையில் போட்டிருந்த வாடியைப் பற்றிச் சொன்னாள். மீன் காய வைப்பவர்கள் தங்கும் ஓலைக் கொட்டில்தான் அது. அப்பு போன பிறகு வீட்டில் தம்பிஐயா என்ற அண்ணனும், அவர் மனைவியான மச்சாளும்தான். மருத்துவச்சி வேலைக்குப் போனவள், ஊர்ப்பட்ட சாதியின் இரத்தத்தைத் தொடுகிறவள் என்று அண்ணன் ஆரம்பத்தில் பேசாமல் இருந்தார். இப்போது பேசுவார். அவள் போவதுதான் குறைந்துவிட்டது.

தை முடியும் சமயம் சிவசாமி ஜீப்பில் ஏற்றப்போகும் சாமான்களைக் கராஜில் பரப்பி வைத்துக் காட்டினார். பெட்ரோல் டின், கயிறு, சாக்கு, மண்வெட்டி. ஓரமாக ஒரு சின்ன அலுமினியப் பானையும், ஒரே ஒரு தட்டும், அரிசிப் பையும் இருந்தன.

"இது என்னத்துக்கு? எங்கட வீட்டிலதானே நிக்கப்போறம்."

"நீங்களும் மீனம்மாவும் வீட்டுல தங்குங்க. நான் ஜீப்பிலயே படுத்துக்குவேன்ங்க. சோறும் நானே பொங்கிக்குவேன்."

"ஏன், எங்கட வீட்டில..." என்று தொடங்கியவள் அந்த ஒற்றைத் தட்டைப் பார்த்தாள்.

அண்ணன் வீட்டு முற்றத்தை அவளால் கண்ணுக்குள் பார்க்க முடிந்தது. சாதியில் குறைந்தவர்கள் என்று வேலிக்கு வெளியே நிறுத்தப்பட்டவர்களுக்குத் தண்ணீர் குடிக்கப் பனையோலையை மடித்துப் பிளா கட்டிக் கொடுப்பார்கள். குடித்துவிட்டு அதை எறிந்துவிட வேண்டும். இத்தனை மாதம் டயரையும் சேற்றையும் பேசினாளே, இந்த மனிதர் எங்கே உட்கார்ந்து சாப்பிடுவார் என்று அவள் ஒருநாளும் யோசிக்கவில்லை. அவர் முதல் நாளே யோசித்திருந்தார்.

"பழைய ஆபீஸ் கிளாக்கர் ஐயாவை ஒருதரம் யாழ்ப்பாணத்துக்கு ஏத்திக்கிட்டுப் போனேன்ங்க" என்றார் சிவசாமி, கயிற்றைச் சுருட்டிக்கொண்டே. "கேட் வாசல்ல நிக்க வச்சு ஓலையில தண்ணி குடுத்தாங்க. தண்ணி நல்லாத்தான் இருந்துச்சு. நீங்க மனசுல ஒண்ணும் வச்சுக்காதீங்க."

கோபமாகச் சொல்லியிருந்தால் அவளுக்குச் சுலபமாக இருந்திருக்கும். குவார்ட்டர்ஸுக்கு வந்து சமைக்காமல் படுத்துவிட்டாள்.

மறுநாள் சாயங்காலம் அவளே கராஜுக்குப் போனாள்.

"நாங்கள் வீட்டை போகவேண்டாம். நேரே வாடிக்குப் போவம். அங்கை மூண்டு பேரும் சமைச்சுச் சாப்பிடுவம்."

சிவசாமி நிமிர்ந்து பார்த்தார். "அப்ப நான் வரலைங்க. ஊருக்குப் போயிட்டு வீட்டுக்குப் போகாம திரும்புனா, நாளைக்கு உங்களுக்குன்னு போக எடம் வேணாமா? என்னால அந்த வாசல் அடைபட வேணாம்."

"அது எப்பவோ பாதி சாத்தின வாசல்தான், டிரைவர். நான் கடலைப் பாக்கத்தான் போறன். கடலுக்கு ஆரும் வேலி போடேல்லை."

சிவசாமி உள்ளே போய் இன்னும் இரண்டு தட்டு எடுத்து வந்து, அந்த ஒரு தட்டின் மேல் வைத்தார்.

மாசிக் கடைசியில் பனி விலகுமுன் புறப்பட்டார்கள். கண்டி, மாத்தளை, தம்புள்ளை என்று குளிர் கழன்றுகொண்டே வந்தது. வவுனியாவில் ஒரு மடத்தில் தங்கி, அடுத்த நாள் பரந்தனில் திரும்பிக் காட்டுத் தடத்தில் இறங்கினார்கள். நீரேரி வெளி மேலே காய்ந்து, உள்ளே சேறாக இருந்தது. நடு வெளியில் பின் சில்லு இரண்டும் அமிழ்ந்தன. மீனம்மா 'முருகா, முருகா' என்று வேண்ட, மற்ற இருவரும் முழங்கால் சேற்றில் நின்று பலகை கொடுத்தார்கள். சிவசாமி ஏறி மிதித்ததும் ஜீப் உறுமி, குலுங்கி, ஒரே தாவலில் வெளியே வந்தது. மணலைத் தொட்டதும் சிவசாமி இறங்கி டயர்களில் காற்றை இறக்கினார். அதற்குள் மணல் மேட்டுக்கு அப்பாலிருந்து இரைச்சல் கேட்டது.

"மழையாங்க?" என்றார்.

"இல்லை. கடல்."

மேடு ஏறியதும் அவர் ஜீப்பை நிறுத்திவிட்டார். கண்ணுக்கு எட்டியவரை ஒரு கப்பல் இல்லை, ஓர் ஆள் இல்லை. செருப்பைக் கழற்றி ஜீப்பிலேயே வைத்துவிட்டுக் கோயிலுக்குள் போகிறவர் மாதிரி மெல்ல நடந்து போனார்.

வாடியின் கூரை விழுந்து, நான்கு கப்புத் தூண்கள் மட்டும் நின்றன. அதன் மேல் தார்ப்பாயைக் கட்டினார்கள். மீனம்மா சேலையை வரிந்துகொண்டு அலையில் நின்று கத்திச் சிரித்தாள். சிவசாமி சோழியும் கணவாய் ஓடும் பொறுக்கிப் பொறுக்கித் தொப்பியை நிரப்பினார். குணபூசணியும் பொறுக்கினாள். ஆனால் குனிந்து நிமிரும்போதெல்லாம் அவள் கண் தெற்கே போயிற்று. அங்கே தென்னை மரங்களின் தலை தெரிந்தது. அவள் வீட்டுத் தென்னைகள். கூப்பிட்டால் கேட்காத தூரம், நடந்தால் ஒரு நடை. இவ்வளவு வருஷமும் மலையில் இருந்து தனிமையாகத்தான் இருந்தாள். ஆனால் அங்கே, போக ஓர் இடம் இருக்கிறது என்ற நினைப்பாவது இருந்தது.

மறுநாள் காலை தம்பிஐயா கரை நெடுக நடந்து வந்தார். தலை முழுக்க நரைத்திருந்தது.

"ஜீப் ஒண்டு வந்ததெண்டாங்கள். நீ எண்டு நான் நினைக்கேல்லை, பூசணி."

"நான்தான் அண்ணை."

"வீட்டை வராமல் இஞ்சை என்ன செய்யிறாய்? மச்சாள் உலை வைச்சிட்டா. வா."

"நாங்கள் மூண்டு பேர். மூண்டு பேருக்கும் உள்ளுக்க இலை போடுவியளோ?"

தம்பிஐயா, தொலைவில் குனிந்து எதையோ பொறுக்கிக்கொண்டிருந்த சிவசாமியைப் பார்த்தார். "அவையளுக்கு வெளியில கொட்டில்ல ஒழுங்கு செய்யலாம்."

"அப்ப நானும் இஞ்சையே நிக்கிறன்."

"உனக்கு எப்பவும் பிடிவாதம்" என்றார். கோபம் இல்லை, களைப்புத்தான். வந்த வழியே திரும்பிப் போனார். அவருடைய காலடிகளில் தண்ணீர் ஊறி மறைவதை அவள் பார்த்துக்கொண்டு நின்றாள்.

வெயில் ஏறும்போது அவர் மறுபடியும் வந்தார். தோளில் இளநீர்க் குலையும் கையில் கத்தியும் இருந்தன. மணலில் குந்தி ஒவ்வொன்றாகச் சீவினார். முதலில் தங்கைக்கு, பிறகு மீனம்மாவுக்கு, பிறகு சிவசாமிக்கு. தன் கையாலேயே நீட்டினார். சிவசாமி இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

இளநீருக்குச் செம்பும் வேண்டாம், கிளாசும் வேண்டாம். குடித்தபின் கோம்பையைத் தூக்கி எறிந்துவிடலாம். யாரும் கழுவி உள்ளே எடுத்து வைக்க வேண்டியதில்லை. அண்ணன் இதை யோசித்துத்தான் கொண்டுவந்தாரா, அல்லது வெயிலில் வந்த தங்கைக்கு வேறென்ன கொடுப்பது என்று கொண்டுவந்தாரா என்று அவளுக்குத் தெரியவில்லை. இரண்டும்தான் என்று தோன்றியது.

"ரொம்ப இனிப்புங்க ஐயா" என்றார் சிவசாமி.

"நல்ல மரம். எங்கட அப்பு நட்டது" என்றார் தம்பிஐயா. பிறகு கத்தியைத் துடைத்துக்கொண்டே, "போகேக்கை மேட்டால போகாதையும். தண்ணி வத்தின நேரம் ஓரத்தால போம்" என்று வழி சொன்னார்.

குணபூசணியால் பாதிக்கு மேல் குடிக்க முடியவில்லை. அண்ணன் போகும்போது அவள் எழுந்து கொஞ்ச தூரம் கூடவே நடந்தாள். ஓர் இடத்தில் அவர் நின்று, "சுகமாய் இரு" என்றார். அவள் அங்கேயே நின்றுகொண்டாள்.

திரும்பும் வழியில் மீனம்மா மட்டும் பேசிக்கொண்டு வந்தாள். வட்டவளைக் குளிர்காற்று முகத்தில் பட்டபோது சிவசாமி, "வந்திருக்கக் கூடாதோ நர்சம்மா?" என்று கேட்டார்.

"வந்தது நல்லதுதான்" என்றாள். அது பொய்யில்லை.

அதன் பிறகு விறாந்தையில் உட்கார்ந்து பேச இருவருக்கும் ஒன்றும் இருக்கவில்லை. சிவசாமி லொறியில் போகும்போது கையைத் தூக்குவார். அவளும் தூக்குவாள். சில சமயம் அவர் ஆஸ்பத்திரி வாசல்வரை வந்து, மருந்து ஏதும் கேட்காமல், மழை வரும் போலிருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போவார்.

மீனம்மா கடலைப் பற்றி எல்லா லயத்திலும் சொல்லி வைத்திருந்தாள். சித்திரையில் பிள்ளைக்கு நிறை பார்க்க வந்த அழகம்மா ஆவலோடு கேட்டாள்.

"உங்க ஊருக்குப் போயிட்டு வந்தீங்களாமே. வீடு பெருசாங்க?"

"பெரிசுதான்."

"அண்ணன் நல்லாக் கவனிச்சுக்கிட்டாருங்களா?"

குணபூசணி பிள்ளையைத் தராசிலிருந்து தூக்கி, துணியைச் சரியாகச் சுற்றினாள்.

"ஓம், கவனிச்சவர்" என்றாள். பிறகு அடுத்த பிள்ளையைக் கொண்டுவரச் சொன்னாள்.